அம்மாவின் அறையும் 140 என்ற எண்ணும்: வீட்டு ரேடானுக்கு எது சரிப்படும்?

அம்மாவின் அறைக்கு ஏர்கோன் மாட்டி ஒரு வருஷம் ஆகிறது. கீழே, மாடிப்படிக்குப் பின்னால், ஒரு காலத்தில் பழைய சாமான் போட்டு வைத்திருந்த அறை அது. முட்டிவலியால் அவர் மாடி ஏற முடியாமல் போன பிறகு அதைக் காலி செய்து, தரைக்கு டைல்ஸ் ஒட்டி, கட்டில் போட்டோம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊர் பீடோரின் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டாம். ஏர்கோன் வந்தது. வந்த வாரமே, ஜன்னலுக்கு மேலே இருந்த காற்றுத் துளைகளை என் வீட்டுக்காரர் அட்டை வைத்து டேப் போட்டு அடைத்தார். குளிர் வெளியே போனால் கரண்டு பில் யார் கட்டுவது?

இந்தப் பொங்கலுக்கு அண்ணன் மகள் வந்திருந்தாள். இங்கிலாந்தில், கோர்ன்வாலில் நர்ஸ் வேலை. எல்லாருக்கும் சாக்லேட் கொடுத்து முடித்த பிறகு, கைக்கு அடக்கமான ஒரு வெள்ளைப் பெட்டியை எடுத்து என் கையில் வைத்தாள். அவள் அங்கே முதலில் வாடகைக்கு இருந்த வீட்டில் ரேடான் என்ற கதிரியக்க வாயு கூடுதலாக இருந்ததாம். வீட்டு உரிமையாளர் தரைக்கு அடியில் குழாய் இறக்கி, விசிறி வைத்து வெளியேற்றினாராம். அதிலிருந்து, அந்த வாயுவை அளக்கும் இந்தப் பெட்டி இல்லாமல் அவளுக்குத் தூக்கம் வருவதில்லை போலிருக்கிறது.

"அத்தை, அங்கயும் ஈய மலை, இங்கயும் ஈய மலை. பாட்டி ரூம்ல ஒரு மாசம் வச்சிப் பாருங்க, சும்மாதான்" என்றாள்.

ஒரு மாதம் கழித்துப் பெட்டி காட்டிய சராசரி 140. ஒரு கன மீட்டர் காற்றில் வினாடிக்கு 140 ரேடான் அணுக்கள் சிதைகின்றன என்று அர்த்தம். அந்த அலகுக்குப் பெக்கரல் என்று பெயர். என் வீட்டுக்காரருக்கு அது நாலு நம்பர் லாட்டரிக் கடையில் எடுக்க வேண்டிய எண்ணாகத்தான் பட்டது.

140 ஒரு வம்பான எண். உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட கையேட்டில் வீடுகளுக்கு 100 என்ற அளவைப் பரிந்துரைத்தது; அது முடியாத நாடுகளும் 300-ஐத் தாண்ட விடக்கூடாது என்றது. அமெரிக்காவில் 148 வந்தால் வீட்டைச் சரிசெய்யச் சொல்கிறார்கள். பிரிட்டனில் 200 வந்தால். ஆக எங்கள் அறை உலக சுகாதார நிறுவனம் இருக்கும் ஜெனிவாவில் தேறவில்லை, அமெரிக்காவில் மயிரிழையில் தேறியது, கோர்ன்வாலில் நன்றாகவே தேறியது. 1,000 என்று காட்டியிருந்தால் யோசிக்காமல் ஆளைக் கூப்பிட்டிருப்போம். 30 என்றால் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறந்திருப்போம். நடுவில் மாட்டியதால்தான் இத்தனை யோசனையும், இந்தக் கட்டுரையும்.

முதலில் இந்த வாயு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். பாறையிலும் மண்ணிலும் இருக்கும் யுரேனியம் மெல்ல மெல்லச் சிதைந்து, பல படி தாண்டி ரேடியம் ஆகிறது. ரேடியம் சிதைந்தால் ரேடான். இந்த வம்சத்தில் இது ஒன்றுதான் வாயு. மற்றவை பிறந்த இடத்திலேயே கல்லுக்குள் கிடக்க, இது மட்டும் மண்ணின் இடுக்கு வழியே நழுவி மேலே வந்துவிடுகிறது. நிறம் இல்லை, மணம் இல்லை. அரை ஆயுள், அதாவது பாதி சிதைந்துபோக ஆகும் காலம், 3.8 நாள். வெட்டவெளியில் காற்றோடு கலந்து நீர்த்துப்போகும். வெளிக்காற்றில் பொதுவாக 5 முதல் 15 பெக்கரல்தான். நாலு சுவருக்குள் அடைந்தால்தான் எண் ஏறும்.

கருங்கல்லில் யுரேனியமும், அதைப் போலவே கதிர்வீசும் தோரியமும் மற்றப் பல பாறைகளைவிடக் கூடுதல். பீடோருக்குக் கிழக்கே மதில் மாதிரி நிற்கும் தித்திவாங்சா மலைத்தொடர் பெரும்பாலும் கருங்கல். பேராக்கின் வெள்ளீயத்தை, அதாவது நம் பேச்சில் ஈயத்தை, கொடுத்ததும் அந்தக் கருங்கல்தான். கோர்ன்வாலிலும் இதே கதை. அவள் 'அங்கயும் ஈய மலை, இங்கயும் ஈய மலை' என்றது விளையாட்டுப் பேச்சு இல்லை.

கதிர்வீச்சு என்ற சொல்லைக் கேட்டாலே பேராக்காரர்களுக்குப் புக்கிட் மேரா ஞாபகம் வரும். ஈப்போ அருகே 1982-இல் தொடங்கிய ஏசியன் ரேர் எர்த் ஆலை, ஈய மணலைச் சலித்த பிறகு மிஞ்சும் அமாங்கிலிருந்து எடுத்த, தோரியம் கலந்த மோனசைட் என்ற கனிமத்தை வைத்து வேலை செய்தது. தோரியக் கழிவுக்காக ஊர்மக்கள் வழக்குப் போட்டார்கள். 1992-இல் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை நிறுத்தச் சொன்னது. மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு கவிழ்ந்தும்கூட 1994-இல் ஆலை மூடப்பட்டது. எங்கள் அறையின் 140-ஐச் சொன்னதும் பக்கத்து வீட்டு அக்கா கேட்ட முதல் கேள்வி, "இங்க ஏதும் ஆலை வருதா?" இல்லை. இது யாரும் கொண்டுவந்து கொட்டியது இல்லை. மலை பிறந்த நாளிலிருந்து இருப்பது. வழக்குப் போட ஆள் கிடையாது என்பதுதான் ஒரே குறை.

ஆனால் பழைய ஈயச் சுரங்க லம்பத்து நிலத்தைச் சமன்செய்து தாமான் குடியிருப்புகள் கட்டிய இடங்களில் அந்த அமாங் மணல் தரைக்கு அடியிலும் இருக்கலாம், சுவரிலும் இருக்கலாம். தோரியத்திலிருந்து வரும் வாயு ரேடானின் தம்பி, தோரான் என்பார்கள். அதன் அரை ஆயுள் ஒரு நிமிடத்துக்கும் குறைவு என்பதால் சுவரை விட்டு அதிக தூரம் வருவதற்குள் தீர்ந்துபோகும். எங்களுக்கு அது சொன்ன சேதி ஒன்றே: அம்மாவின் தலைமாட்டைச் சுவரோடு ஒட்டிப் போடாதே. கட்டிலை இரண்டு அடி நகர்த்தினோம். செலவு இல்லை.

சரி, உடம்புக்கு என்ன செய்யும்? ரேடானை இழுத்த மூச்சிலேயே பெரும்பாலும் வெளியே விட்டுவிடுகிறோம். வில்லங்கம் அதற்குப் பிறப்பவற்றில். பொலோனியம்-218, பொலோனியம்-214 இவையெல்லாம் வாயு இல்லை. தூசியில் ஒட்டிக்கொண்டு உள்ளே போய் மூச்சுக்குழாயின் சுவரில் படிந்து, அங்கேயே சிதைந்து ஆல்ஃபா துகளை வீசுகின்றன. ஆல்ஃபா துகளை ஒரு தாள் தடுத்துவிடும், நம் மேல்தோல் தடுத்துவிடும். மூச்சுக்குழாயின் உள்பக்கத்தில் அப்படி ஒரு தடுப்பு இல்லை. புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச அமைப்பு 1988-லேயே ரேடானைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. இருமல், தலைவலி, தோல் அரிப்பு எதுவும் இதனால் வராது. ஆகவே உடம்பைப் பார்த்து வீட்டில் ரேடான் இருக்கிறதா என்று சொல்ல முடியாது. வருவது நுரையீரல் புற்றுநோய், அதுவும் பல வருஷம் கழித்து.

எவ்வளவு ஆபத்து என்ற இடத்தில்தான் என் மனம் ஒரு முடிவுக்கு வந்தது. 2005-இல் ஐரோப்பாவின் 9 நாடுகளில் நடந்த 13 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். நீண்டகாலச் சராசரி 100 பெக்கரல் கூடினால் நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பு ஏறத்தாழ 16 சதவீதம் கூடுகிறது. விழுக்காட்டை மட்டும் கேட்டால் பயமாகத்தான் இருக்கும். தலைக் கணக்காகப் பாருங்கள். புகைக்காதவர்கள் 1,000 பேரில், ரேடானே இல்லாவிட்டால் 75 வயதுக்குள் நுரையீரல் புற்றுநோயால் இறப்பவர்கள் 4 பேர். 100 பெக்கரலில் 5 பேர். 400 பெக்கரலில் 7 பேர். தொடர்ந்து புகைப்பவர்கள் 1,000 பேரில் அதே வரிசை 100, 120, 160. புகைக்காதவருக்கு 100 பெக்கரல் சேர்த்துக் கொடுப்பது ஆயிரத்தில் ஒருவர். புகைப்பவருக்கு இருபது பேர்.

அம்மாவுக்கு 78 வயது. வாழ்நாளில் சிகரெட்டைத் தொட்டதில்லை. வெற்றிலை உண்டு, அது தனிக் கச்சேரி. ஒரு நாளில் இருபது மணி நேரம் அந்த அறையில்தான் இருக்கிறார், ஆனால் பல வருஷம் கழித்து வரும் நோயை நினைத்து 78 வயதில் அவரை அலைக்கழிப்பதில் நியாயம் இல்லை. என் வீட்டுக்காரருக்கு 56. நாளுக்கு ஒரு பாக்கெட். வெளியே போய்த்தான் பிடிக்கிறார், அந்த மட்டும் மரியாதை. ஆனால் செம்பனைத் தோட்டத்தில் காலை வேலை முடித்து வந்து, மதியம் இரண்டு மணி நேரம் அம்மாவின் அறையில், ஏர்கோன் காற்றில், தரையில் பாய் விரித்துப் படுப்பார். இத்தனை நாளும் அம்மாவின் அறை என்று சொல்லிக்கொண்டிருந்தோம். கணக்குப்படி அந்த அறையில் முதலில் கவனிக்க வேண்டிய ஆள் அவர்தான். அடுத்தது, அம்மாவுக்குப் பிறகு அந்த அறையை எடுத்துக்கொள்ளப்போகும் என் மகன்; அவனுக்கு முன்னால் ஐம்பது அறுபது வருஷம் இருக்கிறது.

இதைச் சொன்னதும் வீட்டுக்காரர், "அப்ப சிகரெட்ட விடறதவிட குழாய் போடறது சுலபம்" என்றார். எது சுலபம் என்று பார்க்கத்தான் ஒவ்வொன்றாக அலசினோம்.

அதற்கு முன் அளப்பதைப் பற்றி நாலு வரி. வழி மூன்று உண்டு. கரி அடைத்த சிறு டப்பாவை இரண்டு முதல் ஏழு நாள் வரை வைத்துவிட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவது முதல் வழி. விலை குறைவு, ஆனால் நமக்குச் சரிப்படாது. கரி ஈரத்தை உறிஞ்சும், பீடோரின் மழைமாதக் காற்றைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பிடித்து வைத்த ரேடானும் நாலு நாளில் பாதியாகிவிடும், அதற்குள் பார்சல் ஊர் தாண்டியிருந்தாலே பெரிது. இரண்டாவது, ஆல்ஃபா துகள் பட்டுத் தடம் விழும் ஒரு பிளாஸ்டிக் துண்டு. மூன்று மாதம் முதல் ஒரு வருஷம் வரை அறையில் தொங்கவிட்டு, பிறகு ஆய்வுக்கூடத்தில் தடங்களை எண்ணுவார்கள். நிதானமான, நம்பகமான முறை. பாங்கியில் இருக்கும் மலேசிய அணுசக்தி ஆய்வு நிறுவனத்தில் விசாரித்துப் பார்க்கலாம். மூன்றாவது எங்களிடம் வந்த மின்னணுப் பெட்டி. விலை கூடுதல், ஆனால் ஒரே பெட்டியை அறை அறையாக மாற்றி வைக்கலாம், எதைச் செய்தால் எண் எப்படி நகர்கிறது என்று பார்க்கலாம். அப்படிப் பார்க்க முடிந்ததால்தான் வீண் செலவு மிச்சமானது. ஒரு எச்சரிக்கை: முதல் ஓரிரு நாள் காட்டும் எண்ணை நம்பாதீர்கள். எங்கள் பெட்டி முதல் இரவு ஒன்று சொன்னது, அடுத்த இரவு வேறொன்று. மாதச் சராசரிக்குக் குறைவாக எதையும் வைத்துக் காசு செலவு செய்யக்கூடாது.

பெட்டியை எடுத்துக்கொண்டு நான் சுற்றினேன். மாடியில் மகனின் அறை, அதுவும் ஏர்கோன் போட்டு அடைத்த அறை: 50. அப்புறம் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மாமா வீடு. பழைய பலகை வீடு, அடியில் தூண், தூணுக்கு அடியில் கோழி. அங்கே 15-ஐத் தாண்டவில்லை. வெளிக்காற்றும் அந்த வீடும் ஒன்றுதான். எங்கள் தாத்தா காலத்தில் தோட்டத்து லயங்களைப் பலகையில், தரையிலிருந்து தூக்கிக் கட்டியிருந்தார்கள். வெள்ளத்துக்கும் பூச்சிக்கும் பயந்துதான், ரேடானை யார் கண்டது. பிறகு தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்தோம், சிமெண்டுத் தரையில் இறங்கினோம், ஜன்னலை மூடி ஏர்கோன் போட்டோம். மூன்றையும் முன்னேற்றம் என்றுதான் சொல்வேன், இப்போதும். ஆனால் மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் 140.

மாடிக்கும் கீழுக்கும் இருந்த வித்தியாசம் ஒரு முக்கியமான விஷயத்தைச் சொன்னது. செங்கல்லிலும் சிமெண்டிலும் இருந்து ரேடான் வருகிறதென்றால் மேலே கீழே இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே எண் வரவேண்டும். கீழே மட்டும் ஏறுகிறது என்றால் வாசல் தரைதான். எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு இது தெரிந்தாக வேண்டும்.

முதல் வழி: ஜன்னலைத் திற. ஒரு வாரம் அம்மாவை இரவில் விசிறியோடு, ஜன்னல் திறந்து படுக்க வைத்தோம். எண் 40-க்கு இறங்கியது. ரேடான் கணக்கு ரொம்ப எளிது: அறைக்குள் வரும் வாயு ஒரே அளவென்றால், காற்று மாறும் வேகம் இரண்டு மடங்கானால் எண் ஏறத்தாழப் பாதி. நாம் மாட்டும் சுவர் ஏர்கோன் வெளிக்காற்றைக் கொண்டுவருவதே இல்லை. அறையில் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிரவைக்கிறது. பலருக்கு இது தெரியாது, எனக்கும் தெரியாது. வெளியே தொங்கும் பெட்டி காற்றை இழுத்து உள்ளே அனுப்புகிறது என்றே நினைத்திருந்தேன்.

செலவு சல்லிக்காசு இல்லை, பலன் பெரிது, ஆனாலும் இந்த வழி தோற்றது. ரேடானால் வரும் நோய்க்குப் பல வருஷம் ஆகும். ஏடிஸ் கொசுவுக்கு ஒரு வாரம் போதும். எங்கள் சந்தில் டெங்கி வராத வருஷம் இல்லை. கம்பி போட்ட ஜன்னலென்றாலும் கீழ்வீட்டில் இரவு திறந்து வைக்க அம்மாவுக்குத் திருட்டுப் பயம். சுமத்ரா புகைமூட்டம் வரும் மாதங்களில் திறக்கச் சொல்லும் துணிச்சல் எனக்கே இல்லை. பகலில் ஒரு மணி நேரம் திறப்பது நல்லதுதான், ஆனால் மூடிய சில மணி நேரத்தில் எண் பழையபடி ஏறிவிடும்.

இரண்டாவது வழி விசிறி. இதில் எல்லாரும் செய்யும் தப்பை நாங்களும் செய்யப் பார்த்தோம். கடைக்காரர் எக்ஸாஸ்ட் ஃபேன் எடுத்து நீட்டினார். கெட்ட காற்றை வெளியே தள்ளும், வேறென்ன வேண்டும்? ஆனால் அடைத்த அறையிலிருந்து காற்றை வெளியே இழுத்தால் அறைக்குள் அழுத்தம் குறையும். அந்தக் குறையை நிரப்பக் காற்று எங்கிருந்து வரும்? கதவிடுக்கு வழியே கொஞ்சம், தரை வெடிப்பு வழியே கொஞ்சம். தரை வழியே வருவது மண்ணுக்குள் இருந்த காற்று, ரேடானைச் சுமந்து வருவது. குளியலறைக்கு எக்ஸாஸ்ட் சரி. இந்த வேலைக்கு அதைத் திருப்பி மாட்ட வேண்டும்: வெளிக்காற்றை வடிகட்டி உள்ளே ஊதும் சிறிய விசிறி. அப்போது அறையின் அழுத்தம் ஒரு துளி கூடும், மண்காற்றைத் தரைக்குள்ளேயே தள்ளி வைக்கும், உள்ளே இருப்பதும் நீர்த்துப்போகும். எங்கள் அறை சுமார் 30 கன மீட்டர். மணிக்கு 30 கன மீட்டர் ஊதினால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை அறைக் காற்று முழுதும் மாறிய கணக்கு. மிகச் சிறிய விசிறிக்கே இது சுலபம். சூடான ஈரக்காற்று உள்ளே வருவதால் ஏர்கோன் கொஞ்சம் கூடுதலாக உழைக்கும். அந்தக் கூடுதலைத்தான் நாம் விலையாகக் கொடுக்கிறோம்.

குளிர்நாட்டுக்காரர்களின் அறிவுரையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்பதும் இங்கேதான் புரிந்தது. அங்கே சூடாக்கிய வீட்டுக் காற்று மேலேறிப் போக, கீழ்த்தளம் உறிஞ்சுகுழல் போல மண்காற்றை இழுக்கிறது. குளிர்காலத்தில் எண் ஏறுகிறது. நம் வீட்டில் நிலவறையும் இல்லை, கணப்பும் இல்லை. நம் சிக்கல் இழுவையைவிட அடைப்பு.

மூன்றாவது, வெடிப்பை அடைப்பது. இதற்குச் செலவு குறைவு, ஆனால் இதை மட்டும் செய்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. அடைப்பு மட்டுமே எண்ணை நிச்சயமாக இறக்கிவிடும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனமே சொல்வதில்லை. ஒரு வெடிப்பை அடைத்தால் வாயு இன்னொன்றைத் தேடிக்கொள்ளும். இருந்தாலும் நம் ஊர் வீடுகளில் ஒரு தனி விசேஷம் உண்டு: கரையான் மருந்து. தரையில் சுவரோரமாக வரிசையாகத் துளை போட்டு, மருந்தை மண்ணுக்குள் செலுத்தி, மேலே சிமெண்டுப் பூச்சு வைத்துவிட்டுப் போவார்கள். எங்கள் அறையில் கட்டிலைத் தள்ளிப் பார்த்தபோது பாதித் துளைகளின் பூச்சு உதிர்ந்திருந்தது. யாரோ மண்ணுக்கும் அறைக்கும் புல்லாங்குழல் செய்து கொடுத்த மாதிரி. அவற்றையும், தண்ணீர்க்குழாய் தரையைத் துளைத்து வரும் இடத்தையும் சிலிக்கோன் வைத்து அடைத்தோம். இதை எப்படியும் செய்ய வேண்டியதுதான், ரேடான் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

நாலாவது, அண்ணன் மகள் வீட்டில் போட்ட குழாய். தரையைத் துளைத்து, அடியில் ஒரு சிறு குழி எடுத்து, அங்கிருந்து பிவிசி குழாயைக் கூரைக்கு மேலே கொண்டுபோய், இடையில் இரவுபகல் ஓடும் விசிறி. மண்காற்றை அது அறைக்குள் வருமுன்னே பிடித்து வெளியே விடுகிறது. ரேடான் தரையிலிருந்து வருகிறது என்றால் இதற்கு ஈடான வழி இல்லை. 90 சதவீதத்துக்கு மேல்கூடக் குறைக்கும். சுவர் செங்கல்லிலிருந்து வருகிறது என்றால் இது பைசா பிரயோஜனம் இல்லை. ஆகவேதான் மாடியையும் கீழையும் அளக்கச் சொன்னேன். எங்களுக்கு வேலை செய்யும் என்று தெரிந்தது. ஆனால் பீடோரில் இதைச் செய்து பழகிய ஆள் இல்லை. குத்தகைக்காரரிடம் விளக்கியபோது, "கழிவறை இல்லாத இடத்தில் எதற்குக் காற்றுக்குழாய்?" என்று கேட்டார். புதிதாகப் பதித்த டைல்ஸை உடைக்க வேண்டும். 300, 400 காட்டியிருந்தால் நான் உடைத்திருப்பேன். 140-க்கு உடைக்க மனம் வரவில்லை.

புதிதாக வீடு கட்டுகிறவர்கள் கதை வேறு. ஜல்லிக்கு மேல் எப்படியும் கனமான பிளாஸ்டிக் விரிப்புப் போடுகிறார்கள். அதை ஓட்டையில்லாமல், ஓரங்களை ஒட்டிப் போடச் சொல்லுங்கள். ஜல்லிக்குள் ஒரு நாலு அங்குலக் குழாயை வைத்து மேலே கொண்டுபோய் மூடிவிட்டால், நாளை தேவைப்படும்போது விசிறி மாட்டினால் போதும். கட்டும்போது இது குழாயின் விலை மட்டுமே.

ஐந்தாவது, அறையை மாற்றுவது. மாடிக்கு அம்மாவால் ஏற முடியாது. மாமா வீட்டுக்குப் போகிறேன் என்று அம்மா சொன்னது ரேடானுக்காக இல்லை, தம்பி மனைவி வைக்கும் நண்டுக் குழம்புக்காக. அங்கே நாலு படி ஏறவேண்டும், குளியலறை வெளியே. இருட்டில் அந்தப் படியில் ஒரு முறை வழுக்கினால் 15-க்கும் 140-க்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் நினைத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆனால் என் மகனுக்கு இந்த வழி பொருந்தும்: அவன் மாடியிலேயே இருக்கட்டும், கீழறை பிற்பாடு சாமான் அறையாகவே திரும்பட்டும்.

காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கலாமே என்று கேட்டவர்கள் பலர். அது தூசியைப் பிடிக்கும். தூசியோடு ரேடானின் பிள்ளைகளில் ஒரு பங்கு போகும். வாயு அப்படியே இருந்து புதிது புதிதாகப் பெற்றுப்போட்டுக்கொண்டே இருக்கும். புகைமூட்டத்துக்கு வாங்கியிருந்தால் ஓடட்டும், ரேடானுக்காக வாங்க வேண்டாம். மூலையில் அடுப்புக்கரி வைப்பது, செடி வளர்ப்பது இரண்டும் கண்ணுக்கு அழகு. அவ்வளவுதான்.

கடைசியில் செய்தது இது: கரையான் துளைகளை அடைத்தோம். ஜன்னலுக்கு மேலே இருந்த அட்டையைக் கிழித்துவிட்டு, கொசுவலை ஒட்டிப் பாதித் துளைகளைத் திறந்துவிட்டோம். எதிர்ச்சுவரில் உள்ளே ஊதும் விசிறி, வடிகட்டியோடு. பொருளும் கூலியும் சேர்த்து 300 ரிங்கிட்டுக்குள் முடிந்தது. குழாய் வேலையை ஒத்திப்போட்டிருக்கிறோம். ஒரு வருஷச் சராசரி மறுபடி 100-ஐத் தாண்டினால் டைல்ஸை உடைப்பது என்று பேச்சு. வீட்டுக்காரரின் மதியத் தூக்கம் கூடத்துக்கு மாறியது. சிகரெட் மாறவில்லை. அரசாங்க கிளினிக்கில் புகைப்பழக்கத்தை விட உதவுகிறார்கள் என்று சொல்லி ஒரு முறை கூட்டிக்கொண்டு போனேன்; அடுத்த தேதிக்கு அவராகப் போவாரா என்று பார்க்க வேண்டும். இந்த வீட்டில் ரேடானுக்கு இருக்கும் வைத்தியங்களிலேயே பலன் அதிகம் உள்ளது அதுதான் என்று அவரிடம் பலமுறை சொல்லிவிட்டேன், அந்த 100, 120, 160 கணக்கோடு.

விசிறி ஓட ஆரம்பித்து இரண்டு மாதம். பெட்டியில் சராசரி 58. அம்மாவுக்கு விசிறிச் சத்தம் பழகிவிட்டது. காலையில் எழுந்ததும், "இன்னிக்கு என்ன நம்பர்?" என்று கேட்கிறார். வீட்டுக்காரர் போன சனிக்கிழமை 0058 எடுத்தார். விழவில்லை.